சால்மன் மீன் பிடிக்க அலாஸ்கா போனோம்: பாலாற்று மணலில் தொடங்கிய ஏற்பாடு

முதலில் நாங்கள் பிடித்த வாரமே தப்பான வாரம். ஆகஸ்ட் முதல் வாரத்துக்கு அலாஸ்காவில் ஒரு மீன்பிடி லாட்ஜில் தள்ளுபடி போட்டிருந்தார்கள், சியாட்டிலில் இருக்கும் அண்ணன் பார்த்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக போன் செய்தார், ஆளுக்கு ஆயிரத்து ஐநூறு டாலர் குறைகிறது, அப்பா, நீ, நான் என்று மூன்று பேருக்குக் கணக்குப் போட்டுப் பார் என்றார். போட்டோம், முன்பணமும் கட்டினோம். அதற்கப்புறம்தான் முட்டையிடக் கடலிலிருந்து எந்த மீன் எந்த வாரம் ஆற்றில் ஏறும் என்று உட்கார்ந்து படித்தேன். நாங்கள் ஆசைப்பட்ட சாக்ஐ சால்மன் ஆகஸ்ட் தொடங்கும்போது பெரும்பாலும் ஏறி முடித்து, உடம்பு சிவந்து, முட்டையிடத் தயாராகியிருக்கும். அதற்கு அடுத்து வரும் கோஹோ சால்மன் ஆகஸ்ட் நடுவில்தான் சரியாகச் சூடுபிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் கிடந்த இடைவெளியைத்தான் எங்களுக்கு விலை குறைத்துக் கொடுத்திருந்தார்கள். முன்பணம் திரும்பாது, ஆனால் வேறு வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாற்றிக்கொண்டோம், 2024 ஜூலை முதல் வாரம், வித்தியாசத் தொகையைக் கட்டி.

அதனால் இப்படி ஒரு பயணத்தை யோசிப்பவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான். விமான டிக்கெட்டையோ லாட்ஜையோ பார்க்காதீர்கள், மீனின் காலண்டரைப் பாருங்கள். அலாஸ்காவில் ஐந்து வகை பசிபிக் சால்மன் உண்டு. கிங் எனப்படும் சினூக் பெரியது, பொதுவாக ஜூனில் தொடங்கும். ரெட் எனப்படும் சாக்ஐ ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுக்க. சம், பிங்க் இரண்டும் நடுக்கோடையில். சில்வர் எனப்படும் கோஹோ ஆகஸ்ட், செப்டம்பர். ஆற்றுக்கு ஆறு சில நாட்கள் முன்பின் ஆகும். நாங்கள் போன பிரிஸ்டல் பே பகுதிதான் உலகிலேயே அதிக சாக்ஐ வந்து சேரும் இடம், 2022-ல் மட்டும் சுமார் 7.9 கோடி மீன்கள் திரும்பி வந்தன. அங்கே ஜூலை 4-ஐ ஒட்டித்தான் உச்சம். கிங் சால்மன் மேல் ஆசை இருந்தால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: எண்ணிக்கை குறைந்தால் மாநில மீன்வளத் துறை அவசர உத்தரவு போட்டு, நடு சீசனில்கூட அந்த மீனைப் பிடிக்கத் தடை விதித்துவிடும். பணம் கட்டிவிட்டோம் என்பதெல்லாம் அங்கே செல்லாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

இந்தப் பயணமே அப்பாவுக்காக. அவர் பிறந்து வளர்ந்தது காவேரிப்பாக்கம் ஏரிக்கரை. பள்ளிக்கூடம் விட்டதும் மண்புழு தோண்டி, மயில் இறகுத் தண்டில் தக்கை கட்டி, கெண்டையும் கெளுத்தியும் விராலும் பிடித்தவர். வேலைக்கு வந்து வேலூரில் குடியேறிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலை விடவில்லை. அறுபத்தெட்டு வயதில், சர்க்கரையும் பிரஷரும் மாத்திரையில் அடங்கியிருக்கும்போதே, ஒரு தடவை பெரிய ஆற்றில் அவரை நிறுத்திவிட வேண்டும் என்று அண்ணனும் நானும் முடிவு செய்தோம். அம்மாவுக்கு மீன் பிடிப்பதில் நாட்டமில்லை, அண்ணியோடு சியாட்டிலிலேயே இருந்துவிட்டார்.

லாட்ஜ் என்றால் வேலூர்க்காரர்கள் மனதில் சி.எம்.சி. எதிரே சந்து சந்தாக இருக்கும் ரூம்கள்தான் வரும். அங்கே லாட்ஜ் என்பது காட்டுக்குள், ஏரிக்கரையில், மரத்தால் கட்டிய நாலைந்து குடில்களும் ஒரு சமையல்கூடமும். அதற்குச் சாலை கிடையாது. சென்னையிலிருந்து சியாட்டில், அங்கிருந்து ஆங்கரேஜ், அங்கிருந்து கிங் சால்மன் என்ற சின்ன ஊருக்கு இன்னொரு விமானம், அந்த ஊருக்கும் மற்ற அலாஸ்காவுக்கும் நடுவில் ரோடே இல்லை. அங்கிருந்து தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம். இதை அப்பாவுக்குப் புரியவைக்க நான் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன், அவர் கேட்ட ஒரே கேள்வி: "நடுவுல ஒண்ணு வரலன்னா?" பின்னால் பார்த்தால் மொத்த ஏற்பாட்டுக்கும் அந்தக் கேள்விதான் சாவி.

விசாவை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் 2022 கடைசியில் விண்ணப்பம் போட்டோம், அப்போது சென்னைத் தூதரகத்தில் முதல்முறை சுற்றுலா விசா நேர்காணலுக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. லாட்ஜ் பதிவுச் சீட்டை விசாவுக்கு முன்பே கையில் வைத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. நாங்கள் அதற்குள் முன்பணம் கட்டிவிட்டதால் ஒவ்வொரு மாதமும் வயிற்றைக் கலக்கியது. நேர்காணலைத் தமிழிலேயே கேட்டார்கள், எதற்குப் போகிறீர்கள் என்றதற்கு அப்பா "பெரிய பையனப் பாக்க, அப்புறம் மீன் பிடிக்க" என்றார், அவ்வளவுதான்.

லாட்ஜிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இப்போது யார் கேட்டாலும் நான் வரிசையாகச் சொல்வேன், ஏனென்றால் பாதியை நாங்கள் காசு கட்டிய பிறகுதான் கேட்டோம். ஒரு வாரத்துக்கு ஆளுக்கு ஐந்தாயிரம் டாலரிலிருந்து பத்தாயிரத்துக்கு மேல் வரை போகிறது, அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு தினமும் விமானத்தில் வேறு வேறு ஆற்றுக்குக் கூட்டிப்போகிறார்களா, இல்லை லாட்ஜ் வாசலில் ஓடும் ஆற்றிலேயே படகில் போய் வருவதா என்பதில்தான் இருக்கிறது. அப்பாவின் வயதுக்கு இரண்டாவதே போதும் என்று எடுத்தோம், அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், கிங் சால்மன் ஊரிலிருந்து லாட்ஜுக்கு மிதவை விமானக் கட்டணம் உள்ளே அடங்கியதா வெளியேயா, மீனைச் சுத்தம் செய்து காற்று நீக்கிப் பொட்டலம் போட்டு உறைய வைப்பதற்குத் தனிக் காசா, தண்ணீரில் நிற்கப் போடும் வேடர் என்ற கால்சட்டை கொடுப்பார்களா, எந்த அளவு வரை இருக்கிறது, விமானம் பறக்க முடியாமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் அந்தச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் யார் காசு, ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் எப்படித் தகவல் சொல்வீர்கள், எவ்வளவு நேரத்தில் மருத்துவரிடம் போகலாம், மாட்டிறைச்சி சாப்பிடாதவருக்கு என்ன கொடுப்பீர்கள். இதில் ஒன்றையும் விடாதீர்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் இன்னொன்றும் சொல்லி வைத்தோம், அப்பா கிருத்திகை அன்று அசைவம் தொடமாட்டார், இரத்தினகிரி முருகனுக்கு வேண்டிக்கொண்டது. அந்த வாரத்தில் ஒரு கிருத்திகை வந்தது. சமையல்கார அம்மா அன்றைக்கு அவருக்கென்று உருளைக்கிழங்கும் பீன்ஸும் தனிப் பாத்திரத்தில் செய்து வைத்திருந்தார்.

எடை. மிதவை விமானம் சின்னது, ஆளையும் சேர்த்து எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். எங்களுக்கு ஆளுக்கு 50 பவுண்டு, அதாவது 22 கிலோ 700 கிராம், அதுவும் மடங்கும் துணிப் பையில்தான், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி கூடாது, ஏனென்றால் விமானத்தின் வாலுக்குள் அது நுழையாது. எங்கள் தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் மாமாவின் தராசில் பையை வைத்து வைத்துப் பார்த்தோம். முதல் தடவை அப்பாவின் பை 29 கிலோ. அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கும் புளிக்காய்ச்சலும் மட்டும் ஐந்து கிலோ, அது சியாட்டில் வரை வந்து அங்கேயே தங்கியது. மழைச் சட்டை, கம்பளி உள்ளாடை, கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி, கொசுவலைத் தொப்பி, போலராய்டு கண்ணாடி, மாத்திரை, இவ்வளவுதான் தேவை. பருத்தி வேண்டவே வேண்டாம். வேலூர் வெயிலுக்குப் பருத்தி எவ்வளவு நல்லதோ அவ்வளவு அந்த ஈரத்துக்குக் கெட்டது, நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜூலையில்கூட மழை பெய்யும் நாளில் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். போலராய்டு கண்ணாடி அலங்காரத்துக்கு இல்லை, தண்ணீர்ப் பளபளப்பை வெட்டி மீன் கூட்டத்தைக் கண்ணுக்குக் காட்டும், அதோடு காற்றில் திரும்பி வரும் தூண்டில் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பாற்றும். கண்ணை மறைத்துத் தூங்க ஒரு துணிப்பட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரி பதினொரு மணி வரை வெளிச்சம் இருக்கும், அப்பாவுக்கு முதல் இரண்டு நாள் தூக்கமே இல்லை.

உடம்பைத் தயார் செய்ய ஆறு மாதம் எடுத்துக்கொண்டோம். முதலில் டாக்டரிடம் முழுப் பரிசோதனை. அப்புறம் தினமும் காலையில் கோட்டை அகழியைச் சுற்றி நடை, கடைசி இரண்டு மாதம் முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. நடைப் பயிற்சிக்கு வருபவர்கள் எல்லாம் அவரை நிறுத்தி விசாரித்தார்கள். ஈ மாதிரி கட்டிய இறகு முள்ளை வீசும் ஃப்ளை தூண்டில் ஒன்றை அண்ணன் முந்தின வருடமே கொண்டுவந்து கொடுத்திருந்தார். சாயங்காலம் காட்பாடிப் பாலத்துக்குக் கீழே பாலாற்று மணலில், முள்ளுக்குப் பதில் சிவப்பு உல்லன் நூலைக் கட்டி வீசிப் பழகினோம். தண்ணீரில்லாத ஆற்றில் தூண்டில் வீசுவதைப் பார்க்கப் பையன்கள் கூடுவார்கள், அப்பா அவர்களுக்கும் கொடுத்து வீசச் சொல்வார். அந்தப் பழக்கம் தோளுக்கு உதவியது. ஆனால் அங்கே போனபோது சாக்ஐக்கு அவ்வளவு தூரம் வீசவே வேண்டியதில்லை என்று தெரிந்தது.

காலணியில்தான் நாங்கள் இரண்டு தடவை அடிபட்டோம். வேடர் என்பது மார்பு வரை வரும் தண்ணீர் புகாத கால்சட்டை, அதன் மேல் ஒரு பூட்ஸ். அண்ணனின் சிநேகிதர் தன் பூட்ஸை இரவல் கொடுத்தார், அடியில் கம்பளிப் பட்டை ஒட்டிய வகை, வழுக்காது, நல்ல பூட்ஸ். ஆனால் ஒரு ஆற்றின் கிருமியையும் பாசியையும் அந்தக் கம்பளி ஈரத்தோடு அடுத்த ஆற்றுக்குச் சுமந்துவிடும் என்பதால் அலாஸ்காவின் நன்னீரில் மீன் பிடிக்கும்போது அந்த வகைக்கு 2012 முதல் தடை. கிளம்புவதற்கு முந்தின நாள் தெரிந்து, அதை சியாட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனோம். சரி, லாட்ஜில் கொடுப்பார்களே என்றால், அப்பாவுக்கு நம் ஊர் ஆறாம் நம்பர் கால், அவர்களிடம் இருந்ததில் சின்னதே அவருக்கு இரண்டு விரல் பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டுச் சமாளித்தோம். மூன்றாம் நாள் காலை, தொடை அளவு தண்ணீரில் திரும்பும்போது கால் பூட்ஸுக்குள் தனியாகத் திரும்ப, பூட்ஸ் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ள, அப்பா பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துவிட்டார். இடுப்பில் பெல்ட் இறுக்கியிருந்தது, அதனால் வேடருக்குள் தண்ணீர் முழுசாகப் புகவில்லை. வழிகாட்டி ஒரு எட்டில் வந்து தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினார். எல்லாம் பத்து வினாடிதான். ஆனால் அந்தத் தண்ணீரின் குளிர் அப்பாவின் கையில் அரை மணி நேரம் நடுக்கமாக நின்றது, லாட்ஜுக்குத் திரும்பி, அடுப்பு பக்கத்தில் உட்காரவைத்து, சுடுதண்ணீர் கொடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கால் அளவை நான் மின்னஞ்சலில் எழுதவில்லை. உயரம், எடை, வயது எல்லாம் எழுதினேன், கால் அளவை எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள், சென்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். பெல்ட் இல்லாமல் யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

மறுநாள் அவரே இறங்குகிறேன் என்றார், முட்டிக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னார், அதுவே நல்லதாகப் போனது. சாக்ஐ ஆற்றின் நடுவில் போவதில்லை, நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாமல் கரை ஓரமாக, சில இடங்களில் முழங்கால் ஆழத்திலேயே, கயிறு திரித்த மாதிரி வரிசையாக ஏறும். புதிதாகப் போகிறவர்கள் ஆழத்துக்குப் போய் மீன் போகும் வழியிலேயே நின்றுகொள்வார்கள், அண்ணனும் நானும் முதல் இரண்டு நாள் அதைத்தான் செய்திருக்கிறோம். அப்பா பார்த்த உடனே சொன்னார், "ஏரி கோடி போறப்ப மீன் ஏறுமே, அதே மாதிரிதான் ஓரமா போவுது." காவேரிப்பாக்கத்தில் ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் பார்த்ததை வைத்து அவர் அந்த ஆற்றைப் படித்துவிட்டார்.

ஆனால் இரை வைத்துக் காத்திருக்கும் நம் முறை அங்கே உதவாது. ஆற்றுக்குள் வந்த சால்மன் சாப்பிடாது. கடலில் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டே மேலே ஏறி, முட்டையிட்டு, செத்துப்போகும். அதனால் சின்ன ஈய எடையோடு முள்ளைத் தரையை ஒட்டி ஓடவிட்டு, மீன் வாயைத் திறந்து மூடும் வரிசையில் தூண்டில் நரம்பு குறுக்கே போகும்படி செய்ய வேண்டும். வாயில் மாட்டினால்தான் கணக்கு. முதுகிலோ வாலிலோ மாட்டியதை உடனே விட்டுவிட வேண்டும், அது சட்டம். நாங்கள் இருந்த இடத்தில் ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்து. ஒவ்வொன்றும் இரண்டரை கிலோ இருக்கும், வெள்ளி மாதிரி மின்னும், மாட்டியதும் தண்ணீருக்கு வெளியே துள்ளும். அப்பா முதல் மீனைக் கரைக்குக் கொண்டுவர நிறைய நேரம் எடுத்துக்கொண்டார், யாரையும் கை வைக்க விடவில்லை. செத்துப்போகும் என்று தெரிந்தும் பிறந்த ஏரியைத் தேடி வருதா என்று அன்று ராத்திரி திரும்பத் திரும்பக் கேட்டார். சாக்ஐக் குஞ்சு ஒன்றிரண்டு வருடம் ஏரியில் வளர்ந்துதான் கடலுக்கு இறங்கும், ஏரி இல்லாத ஆற்றில் இது அதிகம் இருக்காது என்று வழிகாட்டி சொன்னது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

கரடி வரும். சந்தேகமே வேண்டாம், அது கரடியின் ஆறு, தினமும் ஒன்றிரண்டாவது பார்த்தோம். மீன் மாட்டியிருக்கும்போது கரடி வந்தால் நரம்பை அறுத்துவிட வேண்டும், மீன் துள்ளும் சத்தமே அதைக் கூப்பிடும். பிடித்த மீனைக் கரையில் போட்டு வைக்கக்கூடாது. ஓடக்கூடாது, பேசிக்கொண்டே கூட்டமாக மெல்ல நகர வேண்டும். கரடி விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயை ஆங்கரேஜில் வாங்கிப் பையில் போடாதீர்கள், பயணிகள் விமானத்தில் எந்தப் பையிலும் அதற்கு அனுமதியில்லை, லாட்ஜிலேயே வைத்திருப்பார்கள்.

ஒரு நாள் மழை விட்டபோது ஆறு அடித்தரைக் கூழாங்கல் வரை தெரிந்தது. அந்த ஆற்று வெளியின் மேற்பகுதியில் பெபிள் என்ற பெரிய செம்பு, தங்கச் சுரங்கம் வரவிருந்ததையும், உள்ளூர்ப் பழங்குடி மக்களும் மீனவர்களும் பல வருடம் எதிர்த்ததையும், 2023 ஜனவரியில் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்தச் சுரங்கக் கழிவை அங்கே கொட்டத் தடை விதித்ததையும் வழிகாட்டி சொன்னார். அப்பா பாலாற்றைப் பற்றிச் சொன்னார், அண்ணன் மொழிபெயர்த்தார். வாணியம்பாடியிலிருந்து இராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைக் கழிவு, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. எங்களுக்குத் தீர்ப்பு வந்தது, தண்ணீர் இன்னும் திரும்பவில்லை என்றார். வழிகாட்டி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

திரும்பும் நாள் பனிமூட்டம். ஏரியின் எதிர்க்கரை தெரியவில்லை, விமானம் வரவில்லை, மறுநாள் மதியம்தான் வந்தது. அப்பாவின் கேள்வியை மனதில் வைத்து ஆங்கரேஜில் இரண்டு ராத்திரி கூடுதலாக வைத்திருந்ததால் சியாட்டில் டிக்கெட் தப்பியது. எங்களோடு இருந்த இரண்டு பேர் அன்று மாலைக்கே டிக்கெட் போட்டிருந்தார்கள், மொத்தமும் போய்விட்டது. போகும்போது ஒரு நாள், வரும்போது இரண்டு நாள் சும்மா விட்டு வையுங்கள். மாத்திரையைப் பயண நாளைவிட பத்து நாளுக்குக் கூடுதலாக எடுத்து, பாதியை அப்பா பையிலும் பாதியை என் பையிலும் வைத்தோம், டாக்டர் சீட்டோடு. பயணக் காப்பீட்டில் காட்டிலிருந்து விமானத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லும் செலவு அடங்குகிறதா என்று எழுத்தில் பாருங்கள், சாதாரண பாலிசிகளில் பலவற்றில் அது இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும்.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்களுக்கு ஏழு நாள் மீன்பிடி உரிமம் 45 டாலர், கிங் பிடிக்க வேண்டுமானால் அதற்குத் தனி முத்திரை, இரண்டையும் மாநில மீன்வளத் துறை இணையத்திலேயே தருகிறது. வழிகாட்டிக்கும் சமையலறைக்கும் சேர்த்து மொத்தப் பணத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் அன்பளிப்பு தருவது வழக்கம், இது யாரும் விலைப்பட்டியலில் போடமாட்டார்கள், முதலிலேயே ரொக்கமாக ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

உறைந்த மீன் 50 பவுண்டுப் பெட்டி ஒன்று, எங்கள் பங்கு, சியாட்டில் வரை வந்தது. ஊருக்குக் கொண்டுவரும் யோசனையை அண்ணன் ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டார், அத்தனை மணி நேரப் பயணத்தில் மீன் தாங்காது. அம்மா முதல் நாள் புளி கரைத்து மண்சட்டி இல்லாமலே குழம்பு வைத்தார், கொதிக்கக் கொதிக்க மீன் உடைந்து கொழுப்பு மேலே மிதந்தது, விராலுக்கு வைக்கும் குழம்பு இதற்கு ஒத்து வரவில்லை. அடுத்த நாள் மிளகாய்த்தூள், மஞ்சள், பூண்டு, எலுமிச்சைச் சாறு மட்டும் தடவி, தோலோடு, தோசைக்கல்லில் எண்ணெய் குறைத்து, ஒரு பக்கம் மூன்று நிமிடம். அது பிரமாதம். அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, அடுத்து சில்வர் எந்த மாதம் ஏறும் என்று என்னைக் கேட்டார். ஆகஸ்ட் கடைசி என்றேன்.